12 யூனிட் விசாவுக்குப் போதும், பல்கலைக்கழகத்துக்குப் போதாது

கேள்வி: வணக்கம் மேடம். நான் திண்டுக்கல். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். அமெரிக்காவில், கலிபோர்னியா கூப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் இடம் கிடைத்து எஃப்-1 மாணவர் விசாவும் வந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரம் கிளம்புகிறேன். அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) பெர்க்லி வளாகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர வேண்டும் என்று ஆசை. அப்பா ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சுமை குறைய, பார்ட் டைம் வேலை பார்த்து வாடகையையாவது நானே கட்டலாம் என்று இருக்கிறேன். முடியுமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? விசாவில் சர்நேம் இடத்தில் என் பெயரும், கிவன் நேம் இடத்தில் எஃப்என்யு என்றும் இருக்கிறது. இது தப்பா? சொந்தக்காரர்கள் "பாலிடெக்னிக் மாதிரி காலேஜுக்கு எதற்கு இவ்வளவு செலவு" என்கிறார்கள். கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பதில்: சொந்தக்காரர்களை முதலில் முடித்துவிடுவோம். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்து, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு சேர்ந்து பட்டம் வாங்கினால், பட்டத்தில் இருப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான். கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட கல்லூரிகள் 116 இருக்கின்றன. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே போட்ட பாதை இது. ஆக, வழி சரியானதுதான். அந்த வழியில் கணக்குத் தெரியாமல் நடந்தால்தான் சிக்கல். பல வருடங்களாகக் கலிபோர்னியாவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட இந்தக் கணக்கில்தான் வழுக்குகிறார்கள்.

உங்களிடம் இரண்டு வருடம் இருப்பதாக நினைக்கிறீர்கள். விண்ணப்பம் போடும்போது கையில் இருக்கப்போவது ஒரு வருடத்து மார்க்தான். எப்படி என்று பாருங்கள். டி ஆன்சாவில் குவார்ட்டர் முறை. கோடை விடுமுறை போக வருடத்துக்கு மூன்று குவார்ட்டர், ஒவ்வொன்றும் சுமார் 12 வாரம். நீங்கள் செப்டம்பர் கடைசியில் வகுப்புக்குப் போகிறீர்கள். அடுத்த ஆண்டு ஜூனில் மூன்று குவார்ட்டர் முடியும். அதற்கடுத்த செப்டம்பரிலேயே டிஏஜி எனப்படும் உத்தரவாதச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் யூசி விண்ணப்பம். இரண்டாம் ஆண்டு முதல் குவார்ட்டர் முடிவதற்குள் எல்லாம் அனுப்பியாகிவிடும். பிறகு வரும் மார்க்கை ஜனவரியில் சேர்க்கச் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் முதல் பார்வை விழுவது அந்த மூன்று குவார்ட்டர் மார்க்கின்மேல்தான். "முதல் வருடம் ஊரைப் பழகிக்கொள்ளலாம், இரண்டாம் வருடம் பிடித்துவிடலாம்" என்று இங்கே வந்து சொல்கிற பிள்ளைகளுக்கு நான் காலண்டரைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

அடுத்தது யூனிட், அதாவது ஒவ்வொரு வகுப்புக்கும் தரும் பாட அளவு. ஐ-20 (எஃப்-1 விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) வைத்திருப்பவர் ஒரு குவார்ட்டருக்குக் குறைந்தது 12 யூனிட் படிக்க வேண்டும். சீனியர்கள் எல்லாரும் இதைச் சொல்வார்கள், "12 எடு, ஜாலியாக இரு" என்று. 12 யூனிட் விசாவைக் காப்பாற்றும், அவ்வளவுதான். யூசிக்கு மூன்றாம் ஆண்டு மாணவராகப் போக 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். ஆறு குவார்ட்டரும் 12, 12 என்று எடுத்தால் 72தான் வரும். 15, 15 என்று எடுத்தால் சரியாக 90. டிஏஜிக்கும் பெரும்பாலான வளாகங்கள் 45 யூனிட் முடித்திருக்க வேண்டும் என்கின்றன. மூன்று பதினைந்து நாற்பத்தைந்து. 12-ஆக எடுத்தவர் 36-இல் நிற்பார், கோடையில் உட்கார்ந்து மீதியைப் படிப்பார். கோடை வகுப்புக்கும் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான்.

இதோடு, ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று வரிசையாக வரும் பாடங்கள் உண்டு. டி ஆன்சாவில் கால்குலஸ் நான்கு பகுதி, நான்கு குவார்ட்டர். அதற்கு மேல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன், லீனியர் ஆல்ஜீப்ரா. புரோகிராமிங் பாடங்களும் இதே மாதிரி ஒன்றன்பின் ஒன்று. முதல் குவார்ட்டரில் கால்குலஸ் வகுப்பில் இடம் கிடைக்காமல் "பரவாயில்லை, அடுத்த முறை" என்று விட்டால் முழு வரிசையும் ஒரு குவார்ட்டர் தள்ளிப்போகும். பிளஸ் டூவில் வகையீடும் தொகையீடும் படித்துவிட்டீர்கள், மறுபடி முதலிலிருந்தா என்று தோன்றும். முதலிலிருந்தே எடுங்கள். பள்ளியில் படித்ததற்கு இங்கே யூனிட் தர மாட்டார்கள். அதோடு முதல் குவார்ட்டரில் எல்லாமே புதிதாக இருக்கும்போது, தெரிந்த பாடம் ஒன்று கையில் இருந்து அதில் ஏ வாங்குவது பெரிய பலம். கால்குலஸ், ஆங்கிலக் கட்டுரை வகுப்பு, தொடக்க நிலை புரோகிராமிங், இந்த மூன்றும் சேர்ந்தாலே 15-ஐ ஒட்டி வந்துவிடும். ஆங்கிலத்தைத் தள்ளிப்போடாதீர்கள். யூசிக்கு இரண்டு ஆங்கில வகுப்பு கட்டாயம். நம் பிள்ளைகள் பயந்து கடைசிக்கு வைத்துக்கொண்டு திண்டாடுவது அதில்தான்.

பெர்க்லி பற்றி உள்ளதைச் சொல்கிறேன், மனசு விட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அங்கே டிரான்ஸ்ஃபரில் இடம் கிடைப்பது ரொம்பக் கடினம். டிஏஜி அங்கே கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வளாகங்களிலும் கிடையாது. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறில்தான் உண்டு. அதிலும் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போட முடியும். எல்லாப் பாடப்பிரிவுக்கும் கிடைக்கும் என்றும் இல்லை. சாண்டா பார்பராவில் பொறியியல் கல்லூரிக்கு டிஏஜி இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் நிலவரம் வளாகத்துக்கு வளாகம், வருடத்துக்கு வருடம் மாறும். அந்தந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெர்க்லிக்கும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். கூடவே டிஏஜியில் ஒன்று, பக்கத்தில் இருக்கும் சான் ஹோசே ஸ்டேட் போன்ற சிஎஸ்யூ (கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) பல்கலைக்கழகம் ஒன்று, இந்த இரண்டும் பட்டியலில் இருக்கட்டும்.

அதனால் பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். அசிஸ்ட் டாட் ஆர்க் என்று ஒரு இணையதளம், இலவசம்தான். அதில் உங்கள் கல்லூரியையும் போகப்போகிற பல்கலைக்கழகத்தையும் பாடப்பிரிவையும் கொடுத்தால், அங்கே கேட்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் இங்கே எந்த வகுப்பு ஈடு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். மூன்று பல்கலைக்கழகத்துக்கு இதைப் பார்த்து, ஆறு குவார்ட்டருக்கு ஒரு அட்டவணை போடுங்கள். மூன்றிலும் பொதுவாக வரும் வகுப்புகள் முதல் வருடத்துக்குப் போகட்டும். இந்தத் தாளோடு கவுன்சிலர் முன் போய் உட்கார்ந்தால், அவர் கொடுக்கும் அரை மணி நேரமும் உங்களுக்குப் பயன்படும். வெறுங்கையோடு போனால் பாதி நேரம் "என்ன படிக்க ஆசை?" என்பதிலேயே போய்விடும். குவார்ட்டர் தொடங்கும் சமயத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

வகுப்புக்குப் பதிவு செய்யும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். கம்யூனிட்டி காலேஜ்களில் இப்போது ஆன்லைன் வகுப்புகள் ஏராளம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. எஃப்-1 மாணவருக்கோ, கட்டாயமான அந்த 12 யூனிட்டில் முழுக்க ஆன்லைனாக இருக்கும் வகுப்பு ஒன்றைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நேரடி வகுப்பு சீக்கிரம் நிரம்பும், அதனால் உங்கள் பதிவு நேரம் திறக்கும் நிமிஷத்தில் கணினி முன்னால் இருங்கள். இரண்டாவது, முதல் நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் பேராசிரியர் உங்கள் பெயரை எடுத்துவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளலாம். "டிக்கெட் இரண்டு நாள் கழித்துத்தான் சல்லிசாகக் கிடைத்தது" என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஐ-20-இல் போட்டிருக்கும் தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்புவரை நாட்டுக்குள் நுழையலாம். நீங்கள் முதல் வாரம் கிளம்புவது நல்ல முடிவு.

இப்போது வேலை. அப்பாவுக்கு உதவ நினைப்பது பெரிய மனசு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பருவ நாட்களில் கல்லூரி வளாகத்துக்குள் மட்டும், வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். மணிக்கு 17 டாலர் என்று வைத்து, 20 மணி நேரமும் கிடைத்தால் மாதம் 1,400 டாலர் சொச்சம். கூப்பர்டினோ பக்கம் ஒரு அறை வாடகையே 1,000 டாலரைத் தாண்டும், பிறகு சாப்பாடு, போன், பஸ். தவிர, முதல் குவார்ட்டரில் வந்த பிள்ளைக்கு 20 மணி நேரம் யாரும் தூக்கிக் கொடுப்பதில்லை. நூலகத்திலோ டியூட்டரிங் சென்டரிலோ வாரம் ஏழெட்டு மணி நேரம் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். கைச்செலவுக்கு ஆகும். வாடகையை அதை நம்பி வைக்காதீர்கள்.

அந்தப் பகுதியில் நம்மவர் கடைகளும் ஹோட்டல்களும் நிறைய. "கேஷாகத் தருகிறேன், வாரக் கடைசியில் வா" என்று யாராவது நிச்சயம் கூப்பிடுவார்கள். அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். வேறொருவர் பெயரில் டெலிவரி ஆப் ஓட்டுவதும் அதே கதைதான். அனுமதியில்லாத வேலை என்று பதிவானால் ஐ-20 ரத்தாகும், அடுத்த விசாவுக்கும் அது தொடர்ந்து வரும். கடைக்காரருக்கு இன்னொரு பையன் கிடைப்பான், உங்களுக்கு இன்னொரு ஐ-20 எளிதில் கிடைக்காது.

அப்பாவிடம் இப்போதே பேச வேண்டியது ஒன்று உண்டு. முதல் வருடச் செலவு மட்டும்தான் ஐ-20-இல் எழுதியிருக்கிறது, அதைத்தான் வீட்டில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது வருடம் யூசிக்குப் போனால் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கான கூடுதல் கட்டணமும் சேர்ந்து, தங்குவது சாப்பிடுவது எல்லாமாக ஆண்டுக்கு 70,000 டாலருக்கு மேல் போகும். அமெரிக்க அரசின் கல்வி உதவித்தொகை வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. சிஎஸ்யூ கணிசமாகக் குறைவு. இதைச் சொன்னால் அனுப்பாமல் விட்டுவிடுவாரோ என்று மறைக்காதீர்கள் அம்மா. இரண்டு வருடம் கழித்து, யூசி சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பணம் இல்லாமல் உட்காருவதைவிட, இன்றைக்கே உட்கார்ந்து சான் ஹோசே ஸ்டேட்டா, டேவிஸா என்று பேசுவது நல்லது. இன்னொன்றும் சொல்லுங்கள். சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு டிசிஎஸ் என்ற வரியை வங்கியிலேயே பிடிப்பார்கள். வங்கிக் கல்விக்கடனிலிருந்து போகும் பணத்துக்கு அது இல்லை. பிடித்ததை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆடிட்டருக்குத் தெரியும்.

தங்கும் இடம். டி ஆன்சாவில் ஹாஸ்டல் கிடையாது, பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் கிடையாது. ஊரில் இருந்தபடியே படத்தைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். அழகான படம், குறைந்த வாடகை, "நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியை அனுப்புகிறேன்" என்று வந்தால் அது மோசடி. தெரிந்தவர் வீட்டிலோ ஹோம்ஸ்டேயிலோ இரண்டு மூன்று வாரம் தங்கி, நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். கலிபோர்னியா சட்டப்படி டெபாசிட் பொதுவாக ஒரு மாத வாடகைதான். ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் இரண்டு மாதம் கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் விலகிவிடுங்கள். விளம்பரத்தில் "லைட் குக்கிங் ஒன்லி" என்று ஒரு வரி வரும். நூடுல்ஸ் கிண்டலாம், பிரெட் சுடலாம், தாளிக்கக் கூடாது என்று பொருள். மிளகாய் வற்றல் கருகிய முதல் நாளே புகை அலாரம் அடித்து, வீட்டுக்காரர் முகம் மாறிவிடும். சமைத்துச் சாப்பிடுகிறவர் என்றால் முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம் கூகுள் மேப்பில் அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குக் காலை எட்டு மணிக்கும், இரவு ஒன்பது மணிக்கும் பஸ் எப்படி என்று இரண்டு தடவை பாருங்கள். லேப் வகுப்புகள் இரவு வரை போகும்.

வகுப்பறை திண்டுக்கல் பள்ளியைப் போல இருக்காது. பக்கத்து நாற்காலியில் நாற்பது வயது அம்மா ஒருவர் இருப்பார், அந்தப் பக்கம் ராணுவத்திலிருந்து வந்தவர், முன்னால் பள்ளி மாணவன். வருடக் கடைசியில் ஒரே பரீட்சை என்பது இல்லை. வாராவாரம் ஹோம்வொர்க், குவிஸ், மூன்று நான்கு வாரத்திலேயே முதல் மிட்டெர்ம். சிலபஸ் என்று முதல் நாள் தருவார்கள். எதற்கு எத்தனை சதவீதம், தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு போகும், ஏஐ பயன்படுத்தலாமா கூடாதா என்று எல்லாம் அதில் இருக்கும். முழுக்கப் படியுங்கள். சிநேகிதிக்கு இரக்கப்பட்டு உங்கள் புரோகிராமை அனுப்பினால், காப்பி அடித்தவருக்கு மட்டுமல்ல, கொடுத்தவருக்கும் நடவடிக்கை உண்டு.

பேராசிரியர்களுக்கு ஆபீஸ் ஹவர் என்று நேரம் இருக்கும். நம் பிள்ளைகள் போவதே இல்லை, திட்டுவாரோ என்று. போங்கள். எப்படிக் கேட்பது என்றும் சொல்கிறேன். "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று போய் நிற்காதீர்கள். நோட்டைத் திறந்து, "மூன்றாவது கணக்கில் இதுவரை செய்திருக்கிறேன், இந்த வரிக்கு அப்புறம் ஏன் மைனஸ் வருகிறது என்று தெரியவில்லை" என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அப்படிப் போகிற பிள்ளையை அவர்களுக்கு நினைவிருக்கும். பின்னால் யாராவது சிபாரிசுக் கடிதம் கேட்டால் அந்த நினைவுதான் உதவும்.

பாடம் கைமீறிப் போனால் வகுப்பை விட்டுவிடலாம், மார்க்குக்குப் பதில் டபிள்யூ என்று வரும். ஆனால் விடுவதற்கு முன் டிஎஸ்ஓ எனப்படும் வெளிநாட்டு மாணவர் அலுவலகப் பொறுப்பாளரிடம் பேசியாக வேண்டும். அவர் அனுமதியில்லாமல் 12-க்குக் கீழே போனால் அன்றே உங்கள் எஃப்-1 தகுதி கெட்டது. வீடு மாறினால் 10 நாளுக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஊருக்கு வரும் முன் ஐ-20-இல் கையெழுத்து வாங்க வேண்டும். சம்பாதிக்காவிட்டாலும் வருடா வருடம் 8843 என்ற வரித்துறைப் படிவம் அனுப்ப வேண்டும். இதையெல்லாம் அவர்களே மின்னஞ்சலில் ஞாபகப்படுத்துவார்கள், கல்லூரி மின்னஞ்சலைத் தினமும் திறந்து பார்க்கிறவர்களுக்கு.

எஃப்என்யு தப்பு இல்லை, பயப்படாதீர்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. நம் ஊரில் இன்ஷியல்தான், சர்நேம் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் இப்படித்தான் அடிப்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பாதிப்பேர் இதோடுதான் வருகிறார்கள். ஆனால் ஒரு இடத்தில் எஃப்என்யு, ஒரு இடத்தில் அப்பா பெயர், ஒரு இடத்தில் இன்ஷியல் என்று ஆகவிடக் கூடாது. வங்கி, இன்ஷூரன்ஸ், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டும் ஐ-20-உம் எப்படியோ அப்படியே போடுங்கள். கல்லூரிப் பதிவில் அழைக்கும் பெயர் என்று தனியாகக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். கொடுக்காவிட்டால் முதல் நாள் வருகைப் பதிவில் "ஃப்நூ?" என்று கூப்பிடுவார்கள், கையைத் தூக்கிச் சரியான பெயரைச் சொன்னால் போதும். பாஸ்போர்ட்டில் சர்நேம் சேர்ப்பதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம், டிஎஸ்ஓவிடம் பேசிவிட்டு.

கடைசியாகப் பெட்டி. பாஸ்போர்ட், ஐ-20, செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டண ரசீது, சேர்க்கைக் கடிதம், பணத்துக்கான ஆதாரம், எல்லாம் கைப்பையில். அபுதாபி வழியாக வந்தால் அமெரிக்க இமிக்ரேஷனே அங்கேயே முடிந்துவிடும், செக்-இன் பெட்டிக்குள் ஐ-20-ஐ வைத்தவர் பாடு திண்டாட்டம். வந்து இறங்கியதும் இணையத்தில் ஐ-94 என்ற நுழைவுப் பதிவை எடுத்து எஃப்-1 என்று சரியாக இருக்கிறதா பாருங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மார்க்‌ஷீட்டுகளை ஸ்கேன் செய்து வையுங்கள். தடுப்பூசி அட்டை வேண்டும். கல்லூரி டிபி (காசநோய்) பரிசோதனை கேட்டால் தோலில் போடும் ஊசிக்குப் பதில் ரத்தப் பரிசோதனையாகக் கேளுங்கள். சின்ன வயதில் போட்ட பிசிஜி தடுப்பூசியால் தோல் பரிசோதனை வீணாக பாசிட்டிவ் காட்டலாம். பல்லில் வேலை இருந்தால் திண்டுக்கல்லிலேயே முடித்துவிடுங்கள், மாணவர் இன்ஷூரன்ஸில் பல்லும் கண்ணாடியும் பெரும்பாலும் வராது. கண்ணாடி போடுகிறவர் என்றால் ஒன்று கூடுதலாக. அங்கே மின்சாரம் 120 வோல்ட், வீட்டு மிக்ஸி ஓடாது, அங்கத்திய வோல்ட்டுக்கான மிக்ஸி வாங்கலாம். அரிசியும் பச்சைக் கறிவேப்பிலையும் கொண்டுவரக் கூடாது, பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பொடி வகைகள் கொண்டுவரலாம், படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். மற்றதெல்லாம் பக்கத்து ஊரான சன்னிவேலில் கிடைக்கும், முருங்கைக்காய் உட்பட.

அந்த ஆறு குவார்ட்டர் அட்டவணையைப் போட்டதும் எனக்கு அனுப்புங்கள். எந்த வகுப்பு எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.